ஒட்டப்பிடாரத்துக் கிரிமினல் வக்கீல்

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசல் கதவைத் தட்டினார்கள். எங்கள் தெருக்காரர், மளிகைக்கடை வைத்திருப்பவர். அவருடைய தங்கை மகனை, கோயில் கொடையில் நடந்த அடிதடிக்காக ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். நான் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஊரில் யாருக்கு என்ன வம்பு வந்தாலும் கடைசியில் என் வாசலுக்குத்தான் வருவார்கள்.

"அண்ணாச்சி, நல்ல கிரிமினல் வக்கீலு யாரு இருக்கா? செலவப் பத்திக் கவலையில்ல."

செலவைப் பற்றிக் கவலையில்லை என்று ராத்திரியில் சொல்பவர்கள் எல்லோருமே காலையில் கவலைப்படுவார்கள். அதனால் முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரிய போர்டைப் பார்த்துப் போகாதே. "நாளைக்கே வெளியே எடுத்துடறேன்" என்று கேஸ் கட்டைப் பார்க்கும் முன்பே சொல்பவரிடம் போகாதே. இந்த நேரத்தில் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாரா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தானே வருவாரா, ஜூனியரை அனுப்பிவிடுவாரா, இதை அவரிடம் ஏற்கெனவே கேஸ் நடத்தியவர்களிடம் கேள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், அதற்குள் ஆள் பிடித்துவிடலாம். கையில் காசே இல்லை என்றாலும் பயமில்லை. ஜில்லா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் அரசுச் செலவிலேயே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

இரண்டு பெயர் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் இதே சீமையில், இதே மாதிரி ராத்திரியில், ஒருவன் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒட்டப்பிடாரத்துப் பக்கத்து ஆளாக இருந்தால், சந்தேகமில்லாமல் உலகநாத பிள்ளையின் மகன் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பான்.

வ.உ.சி. என்றால் நமக்கெல்லாம் கப்பலும் செக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். 1961இல் வந்த சிவாஜி படமும் அதற்கு ஒரு காரணம். அவர் பிழைப்புக்குச் செய்த தொழில் கிரிமினல் வக்கீல் தொழில் என்பது ஓரமாகப் போய்விட்டது. கோர்ட் மனிதனான எனக்கோ, அவர் வாழ்க்கையில் மறுபடி மறுபடி யோசிக்க வைப்பது அந்தப் பக்கம்தான்.

அவர் 1872 செப்டம்பர் 5இல் பிறந்தார். திருச்சியில் சட்டம் படித்து, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீலானார். அந்தக் காலத்து வக்கீல்களில் மூன்று தட்டு உண்டு. மேலே சீமையில் படித்து வந்த பாரிஸ்டர். அடுத்து ஹைக்கோர்ட் வக்கீல். அதற்கும் கீழே ஜில்லா, தாலுகா கோர்ட்டுகளில் வாதாடும் பிளீடர். வ.உ.சி. இந்த மூன்றாவது தட்டு. பிளீடருக்கு உயிர் என்பது சன்னது. 1879ஆம் வருஷத்துச் சட்டப்படி, நடத்தைக் குறைவைக் காட்டும் குற்றத்தில் தண்டனை பெற்றால் ஹைக்கோர்ட் அந்தச் சன்னதைப் பறித்துக்கொள்ளலாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தகப்பனாரும் வக்கீல்தான். அவரிடம் வந்தவர்கள் வசதி படைத்தவர்கள். மகனிடம் வந்தவர்கள் ஏழைகள், போலீஸ் கேஸில் மாட்டியவர்கள். காசில்லாதவனுக்குக் காசு வாங்காமலே நின்றார். தகப்பனாரின் கட்சிக்காரருக்கு எதிர்த்தரப்பில் மகன் நின்றதும் உண்டு என்பார்கள். வீட்டில் சாப்பிடும்போது என்ன பேசிக்கொண்டார்களோ! இதோடு நிற்காமல், சப்மாஜிஸ்திரேட்டுகள் மூன்று பேர் மேல் லஞ்சக் குற்றச்சாட்டை நிரூபித்துக் காட்டினார். தினமும் யார் முன்னால் கைகட்டி நின்று வாதாட வேண்டுமோ அவர்கள் மேலேயே குற்றம் சாட்டுவது என்றால் என்ன என்பது, தாலுகா கோர்ட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். போலீஸ்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பகை வளரவே, 1900இல் ஜாகையைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்.

சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது, காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 9இல் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிக் கூட்டம் நடத்தினார். 12ஆம் தேதி அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் பிடித்துவிட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம், துப்பாக்கிச் சூடு, நாலு பேர் சாவு.

அந்த நாட்களில் வக்கீல்களுக்கு வந்த சோதனையைத் தூத்துக்குடியில் இன்றும் ஒரு கதையாகச் சொல்வார்கள். சர்க்கார் பக்கம் பேசிய ஒரு வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்தாராம். பாதிச் சவரம் ஆனபோது பேச்சு வாக்கில் அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்ட நாவிதர், கத்தியை மடக்கிவிட்டு எழுந்து போய்விட்டாராம். பாதி முகத்தோடு அவர் பட்ட பாட்டை என் தாத்தா நடித்தே காட்டுவார்.

கிரிமினல் கேஸ்களில் பிறருக்காக நின்றவருக்கு இப்போது ஒரு கிரிமினல் வக்கீல் வேண்டியிருந்தது. சாது கணபதி பந்துலு முதலியோர் அவருக்காக நின்றார்கள். அப்போது அப்படி நிற்பதே துணிச்சல்தான். எதிர்த்தரப்பின் முக்கியச் சாட்சியம் என்ன? மேடையில் பேசியதைப் போலீஸ்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகள். பேசியது தமிழில், கேட்டு எழுதியது போலீஸ், தீர்ப்புச் சொன்ன நீதிபதி பின்ஹே வெள்ளைக்காரர். வ.உ.சி.க்காகச் சாட்சி சொல்ல வந்தவர்களில் பாரதியாரும் ஒருவர்.

1908 ஜூலை 7இல் தீர்ப்பு. ராஜத்துரோகத்துக்கு, அதாவது 124ஏ பிரிவுக்கு, ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. சிவாவுக்குப் பத்து வருஷம் தீவாந்தரம். பழைய பீனல் கோட் 57ஆவது பிரிவில், பின்னக் கணக்குப் போட வேண்டிவந்தால் ஆயுள் தண்டனையை 20 வருஷமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஊர் ஜனங்கள் அதை வைத்து 20ம் 20ம் 40 வருஷம் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்டு அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது, கடைசிவரை தெளியவில்லை.

என்னை உறுத்துவது அந்த இரண்டாவது தண்டனைதான். வீட்டில் தங்கவைத்தார், சோறு போட்டார், கூட்டங்களுக்குக் கூடவே போனார். இதெல்லாம் சேர்ந்துதான் உடந்தை. பேசிய சிவாவுக்குப் பத்து வருஷம், அவரைத் தங்கவைத்துப் பேச வைத்தவருக்கு அதற்காக ஆயுள். எத்தனையோ தீர்ப்பு நகல்களைக் கைப்பட எழுதியிருக்கிறேன். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லிக்குமே இந்தத் தண்டனையை ஏற்க முடியாமல், வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதினார்.

அந்த ஜூலை மாதத்தில் பத்திரிகை பார்த்தவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது. பதினைந்து நாள் கழித்து, 22ஆம் தேதி, பம்பாய் ஹைக்கோர்ட்டில் திலகருக்கு அதே 124ஏ பிரிவில் ஆறு வருஷம். அங்கே ஒன்பது ஜூரிகளில் ஏழு பேர் குற்றவாளி என்றும் இரண்டு பேர் இல்லை என்றும் சொன்னார்கள். திலகர் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். அவருக்குத் தண்டனை விதித்த நீதிபதி தாவர், 1897இல் திலகருக்கே ஜாமீன் கேட்டு வாதாடிய வக்கீல்!

அந்த 124ஏயின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். சுதந்திரம் வந்தும் அது போகவில்லை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பீனல் கோடே போய்ப் புதுச் சட்டம் வந்தது. அதில் ராஜத்துரோகம் என்ற பெயர் இல்லை. ஆனால் 152ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தால் பழைய ஆள் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. வக்கீல் நண்பர்கள் இதில் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

அப்பீல் சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போனது. தலைமை நீதிபதி ஒயிட்டும் நீதிபதி மில்லரும் விசாரித்தார்கள். குற்றம் குற்றம்தான் என்றார்கள், தண்டனையை மட்டும் 1908 நவம்பரில் ஆறு வருஷமாகக் குறைத்தார்கள். கோயமுத்தூர், கண்ணனூர் ஜெயில்களில் கழித்துவிட்டு 1912 டிசம்பர் 24இல் வெளியே வந்தார். கம்பெனி போயிருந்தது, கப்பல் போயிருந்தது. சன்னதும் போயிருந்தது. முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் உலை வைக்க அவருக்கு உதவியிருக்கக்கூடியது மூன்றாவதுதானே?

சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். வாதாடத் தெரிந்தவருக்கு வியாபாரம் வரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காந்தியிடம் கொடுத்திருந்த பணத்துக்காக 1915இல் கடிதமாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்துசேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. ஒரு காலத்தில் கட்சிக்காரனிடம் பீஸ் வேண்டாம் என்று சொன்னவர், தனக்குச் சேர வேண்டியதைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிய அந்தக் கடிதங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை.

சன்னது திரும்பி வந்த கதைதான் விசேஷம். 1908இல் வ.உ.சி.யை முதலில் விசாரித்து, வழக்கைச் செஷன்ஸுக்கு அனுப்பிய மாஜிஸ்திரேட்டின் பெயர் வாலஸ். பல வருஷம் கழித்து அதே வாலஸ் சென்னை ஹைக்கோர்ட் நீதிபதியாக இருந்தார். அவர் முயற்சியால்தான் வ.உ.சி.க்குச் சன்னது மறுபடி கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார நீதிபதியின் பெயரில் ஒரு 'ஈசுவரனை'ச் சேர்த்து அதைச் சைவப் பெயர் ஆக்கிவிட்டார், பாருங்கள்! கூண்டில் ஏற்றியவன் என்ற கோபம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தொழிலைத் திருப்பிக் கொடுத்தவன் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

1920களில் கோவில்பட்டிக்கு வந்து மறுபடி கறுப்புக் கோட்டு மாட்டினார். ஐம்பது வயதைத் தாண்டியவர், நடுவில் எத்தனையோ வருஷம் கோர்ட்டுப் படியை மிதிக்காதவர். அதற்குள் புதிய வக்கீல்கள் வந்துவிட்டார்கள். கட்சிக்காரர்களும் மாறிவிட்டார்கள். பழையபடி வருமானம் வரவில்லை. 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936இல் எழுதிய உயிலில் யார் யாருக்கு எவ்வளவு கடன் தர வேண்டும் என்று எழுதினார். ஜவுளிக்கடை, எண்ணெய்க்கடை, மளிகைக்கடை, வீட்டு வாடகை என்று போகிறது அந்த வரிசை. அதே வருஷம் நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீசில் காலமானார்.

மளிகைக்கடைக்காரர் மறுநாள் சாயந்தரம் வந்தார். நான் எழுதிக் கொடுத்த இரண்டாவது பெயர்க்காரரைப் பார்த்தாராம். அவர் காலையில் ஏழு மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாராம். "பீஸ் எவ்வளவுன்னு கேட்டேன் அண்ணாச்சி, மொதல்ல ரிமாண்டு முடியட்டும்னுட்டாரு," என்றார். பையனுக்கு நாலாம் நாள் ஜாமீன் கிடைத்தது. அடுத்த வாய்தா ஆவணியில்.