மாஸ்கோவுக்கு முதலில் திறந்த கதவு: நேட்டோ நாடாளுமன்றப் பேரவையும் ரஷ்யாவும், 1990–2014

சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளிகளும் வார்சாவில் ராணுவ உடன்பாட்டில் கையெழுத்திட்டது 1955 மே 14 அன்று. அடுத்த இரண்டே மாதங்களில், ஜூலையில், நேட்டோ நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பாரிஸில் முதல்முறையாகக் கூடினார்கள். கனடா செனட் அவைத்தலைவர் விஷார்ட் ராபர்ட்சன் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். இப்படி ஓர் அவையைப் பற்றி 1949ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கையில் ஒரு வரிகூடக் கிடையாது. அது நேட்டோவின் உறுப்பும் அல்ல. படைகளுக்கு உத்தரவிடும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தவர்கள்தான் தத்தம் நாட்டில் பாதுகாப்புச் செலவுக்குக் கை உயர்த்துபவர்கள், உடன்படிக்கைகளுக்கு ஒப்புதல் தருபவர்கள். 1966இல் வட அட்லாண்டிக் பேரவை என்றும், 1999இல் நேட்டோ நாடாளுமன்றப் பேரவை என்றும் அதன் பெயர் மாறியது.

உடன்படிக்கைக்கு வெளியே பிறந்தது குறை போலத் தோன்றலாம். 1990இல் அதுவே அதன் பலமாக மாறியது.

அந்த ஆண்டு ஜூலையில் லண்டனில் கூடிய நேட்டோ தலைவர்கள் பழைய எதிரிகளிடம் நட்புக்கரம் நீட்டுவதாக அறிவித்தார்கள். தொடர்புக்குத் தூதர்களை அனுப்பும்படியும் அழைத்தார்கள். நவம்பரில் அதே லண்டனில் கூடிய பேரவை ஒரு படி மேலே போனது. சோவியத் ஒன்றியம், போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, பல்கேரியா ஆகியவற்றின் நாடாளுமன்றங்களுக்கு இணை உறுப்பினர் தகுதி தந்தது. வாக்களிக்கும் உரிமை இல்லை. கூட்டத்தில் இடமும் பேசும் வாய்ப்பும் உண்டு. அரசாங்கங்கள் அளவில் இதற்கு நிகரான வட அட்லாண்டிக் ஒத்துழைப்பு மன்றம் 1991 டிசம்பர் 20 அன்றுதான் முதலில் கூடியது. அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தன் நாடு இனி இல்லை என்று சோவியத் தூதர் தெரிவிக்க நேர்ந்தது. சோவியத் ஒன்றியம் உயிரோடு இருந்தபோதே அதன் மக்கள் பிரதிநிதிகளுடன் பேசத் தொடங்கியவர்கள் மேற்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

அவர்கள் பேசியது யாரிடம் என்பதும் முக்கியம். 1989 மார்ச்சில் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரசுக்கு நடந்த தேர்தலில், பல தலைமுறைகளுக்குப் பிறகு வாக்காளர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஆந்திரேய் சாகரோவ் போன்ற அதிருப்தியாளரும் அந்த அவைக்குள் வந்திருந்தார். கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டிருந்த அந்த அவைக்கு, ராணுவத்தை நாடாளுமன்றம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் காட்டுவதில் அர்த்தம் இருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சார்லி ரோஸ், செனட்டர் வில்லியம் ராத் ஆகியோரின் பெயரால் 1990களின் தொடக்கத்தில் உருவான ரோஸ்-ராத் கருத்தரங்குகள் இந்தப் பணியைத்தான் செய்தன.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின், 1993 அக்டோபரில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் தன் நாடாளுமன்றக் கட்டடத்தின்மீதே டாங்கிகளைக் கொண்டு சுட வைத்தார். அதன்பின் வந்த அரசியலமைப்பில் அதிபரின் கை வெகுவாக ஓங்கியது. ஆனாலும் புதிய கீழவையான டூமா பொம்மை அவையாக இருக்கவில்லை. இரண்டாவது ஸ்டார்ட் உடன்படிக்கையின் கதை அதற்குச் சான்று. 1993 ஜனவரியில் கையெழுத்தான அந்த அணு ஆயுதக் குறைப்பு உடன்படிக்கைக்கு அமெரிக்க செனட் 1996 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. டூமா கொடுக்கவில்லை. நேட்டோ கிழக்கே விரிவடைவது அங்கே பெரும் மனக்கசப்பை உண்டாக்கியிருந்தது. 1998 டிசம்பரில் வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கில் குண்டு வீசின, வாக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு கொசோவோ போர் குறுக்கே வந்தது. 2000 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. டூமா உறுப்பினர்களைப் பேசிச் சமாதானப்படுத்த வேண்டிய தேவை மேற்கு நாடுகளுக்கு உண்மையாகவே இருந்த காலம் அது.

இந்தத் தேவையை 1997 மே 27 அன்று பாரிஸில் கையெழுத்தான நேட்டோ-ரஷ்யா அடிப்படை ஆவணமும் உணர்ந்திருந்தது. பேரவைக்கும் ரஷ்ய நாடாளுமன்றத்துக்கும் இடையே உரையாடலை ஊக்குவிப்பதாக அது வெளிப்படையாகச் சொன்னது. 1999 மார்ச்சில் யூகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டுவீசத் தொடங்கியதும், வாஷிங்டனுக்குப் பறந்துகொண்டிருந்த ரஷ்யப் பிரதமர் பிரிமகோவ் நடுவழியில் விமானத்தைத் திருப்பிக்கொண்டு மாஸ்கோ போனார். உறவு உறைந்தது. பிறகு மெல்ல இளகியது. 2002 மே மாதம் ரோம் அருகே நேட்டோ-ரஷ்யா மன்றம் உருவானபோது, அதற்கு இணையாக நேட்டோ-ரஷ்யா நாடாளுமன்றக் குழுவும் தோன்றியது. அந்தக் குழுவில் விருந்தினர் நாற்காலி போய், சம தகுதியில் அமரும் ஏற்பாடு வந்தது.

ஏற்பாடு முழுமை பெற்ற நேரத்தில் அதன் உயிர் வற்றத் தொடங்கியதுதான் இந்த வரலாற்றின் சோகம். 2003 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு டூமாவின் 450 இடங்களில் 300க்கு மேல் கிரெம்ளின் ஆதரவு ஐக்கிய ரஷ்யா கட்சியின் அணிக்குப் போயின. அரசாங்கத்தை மறுத்துப் பேசும் குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஸ்டார்ட் காலத்து டூமாவிடம் பேசினால் கிரெம்ளினில் கேட்காத வேறொரு கருத்தையாவது கேட்கலாம். இந்த டூமாவிடம் அது கிடைக்கவில்லை. 2004இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் நேட்டோவில் சேர்ந்தன. அவற்றின் உறுப்பினர்கள் முழு உரிமையோடு ரஷ்யத் தூதுக்குழுவை எதிர்கொண்டார்கள். 2008 ஆகஸ்ட் ஜார்ஜியா போர் விரிசலை இன்னும் ஆழமாக்கியது.

முறிவு 2014இல். அதை ஆராய்கையில் அரசாங்கங்களின் செயலையும் நாடாளுமன்றங்களின் செயலையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். உக்ரைன் மண்ணில் படைகளைப் பயன்படுத்த மார்ச் 1 அன்று அனுமதி வழங்கியது ரஷ்ய நாடாளுமன்றத்தின் மேலவையான கூட்டமைப்பு மன்றம். மார்ச் 20 அன்று கிரிமியா இணைப்புக்கு டூமா ஒப்புதல் அளித்தது. எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர், இல்யா பொனமரியோவ். மறுநாள் மேலவையில் அந்த ஒருவரும் இல்லை. ஓர் அரசாங்கம் எல்லை மீறினால் அந்நாட்டு நாடாளுமன்றத்தோடு பேச்சைத் தொடர்வதில் நியாயம் இருக்கலாம். மீறலுக்கு முத்திரை குத்தியதே நாடாளுமன்றம் என்றால்?

பிரிட்டிஷ் தொழிற்கட்சி உறுப்பினர் ஹ்யூ பெய்லி தலைமையிலிருந்த பேரவை, ஏப்ரலில் ரஷ்யாவின் இணை உறுப்பினர் தகுதியை நீக்கியது. அதே மாதம் நேட்டோ அரசாங்கங்கள் நடைமுறை ஒத்துழைப்பை நிறுத்தினாலும் தூதர்கள் மட்டத்தில் பேசும் வழியை விட்டுவைத்தன. நேட்டோ-ரஷ்யா மன்றம் 2022 ஜனவரி 12இல்கூடக் கூடியது. முதலில் திறந்தவர்களே முதலில் மூடினார்கள். ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை வேறு வழியில் போனது: 2014இல் ரஷ்யர்களின் வாக்குரிமையைப் பறித்து, 2019இல் திருப்பித் தந்தது. அந்த விட்டுக்கொடுப்பால் ரஷ்யக் குடிமக்களுக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் கதவு இன்னும் சில ஆண்டுகள் திறந்திருந்தது. அதைச் சிறிய பலன் என்று ஒதுக்க முடியாது. ஆனால் நேட்டோ பேரவையிடம் அப்படிக் காப்பாற்ற எந்த நீதிமன்றமும் இல்லை. அதன் ஒரே முதலீடு, எதிரே இருப்பவர் தன் வாக்காளர் சார்பில் பேசுகிறார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை போன பிறகு நாற்காலியை மட்டும் காத்துவந்திருந்தால், 1990இன் முடிவுக்கே அது அவமதிப்பாகியிருக்கும்.

2022 பிப்ரவரி 22 அன்று கூட்டமைப்பு மன்றம் வெளிநாட்டில் படைகளைப் பயன்படுத்த மீண்டும் அனுமதி தந்தது. இரண்டு நாளில் முழுப் போர் தொடங்கியது. நவம்பரில் மாட்ரிடில் கூடிய பேரவை, இப்போதைய ஆட்சியின் கீழுள்ள ரஷ்யாவைப் பயங்கரவாத அரசு என அறிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது.