பன்னீர், கிஷ்மிஷ், ஹாம்பர்க்: கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையின் பெயர்க்கதை

உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். குனிந்து உள்ளே போனால் தலைக்கு மேலே வரிசையாகக் கருநீலக் குலைகள். என்ன ரகம் என்று கேட்டால் "பன்னீர்" என்பார்கள். ஓடைப்பட்டிப் பக்கம் கேட்டால் "சீட்லெஸ்" என்று பதில் வரும். வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டைப் புரட்டினால் அதே பன்னீருக்கு "மஸ்கட்" என்று பெயர். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது "கம்பம் பன்னீர் திராட்சை" என்று பதிவானது. அதன் இன்னொரு பெயர் "மஸ்கட் ஹாம்பர்க்" என்றும் செய்திகளில் வந்தது.

தேனி மாவட்டத்துப் பழத்துக்கு ஜெர்மனியின் துறைமுக ஊர்ப் பெயர் எப்படி வந்தது? இதைத் தேடப் போய்த்தான் ரஷ்ய மொழி வரை போய் மாட்டிக்கொண்டேன். சுற்றுவழிதான், ஆனால் வந்து சேர்கிற இடம் கம்பம் பள்ளத்தாக்குதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சீட்லெஸ். கறுப்பு விதையில்லாத் திராட்சையில் "சரத் சீட்லெஸ்" என்று ஒரு ரகம் உண்டு. மகாராஷ்டிரத்தில் வைத்த பெயர். இது "கிஷ்மிஷ் சோர்னி" என்ற ரகத்திலிருந்து தானாக மாறிக் கிளைத்தது என்று தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. அந்த மூலப் பெயரைப் பாருங்கள். கிஷ்மிஷ் என்பது பாரசீகச் சொல், உலர்ந்த திராட்சை என்று பொருள். நம் ஊர் மளிகைக்கடையில் "கிஸ்மிஸ்" என்று கேட்டு வாங்கிப் பாயசத்தில் போடுகிறோமே, அதேதான். சோர்னி என்பது ரஷ்ய மொழியில் "கறுப்பு". மத்திய ஆசியாவின் பழைய ரகம், சோவியத் காலத்தில் ரஷ்யப் பெயரோடு பட்டியலில் ஏறி, இந்திய நூல்களுக்கு ஆங்கில எழுத்தில் வந்தது. பாதிப் பெயர் பாரசீகம், பாதி ரஷ்யம், எதுவும் மொழிபெயர்க்கப்படவில்லை. இதே போல "கிஷ்மிஷ் பெலி" என்றும் நம் நூல்களில் இருக்கிறது. பெலி என்றால் வெள்ளை. இது தெரியாமல் சோர்னியும் பெலியும் யாரோ இரண்டு விஞ்ஞானிகளின் பெயர் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்!

இங்கேதான் மொழிபெயர்ப்பாளனுக்கு முதல் சிக்கல். ரஷ்ய நூலில் கிஷ்மிஷ் என்று வந்தால் அது கடையில் விற்கும் உலர்ந்த பழமாகவும் இருக்கலாம், விதையில்லாத் திராட்சை ரகங்களின் கூட்டத்துக்கே பொதுப்பெயராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். ரகப்பெயராக வந்தாலும் நிம்மதி இல்லை. ரஷ்யர்கள் "வெள்ளை முட்டைவடிவ கிஷ்மிஷ்" என்று எழுதும் ரகத்தை அமெரிக்கர்கள் "தாம்சன் சீட்லெஸ்" என்கிறார்கள். 1870-களில் கலிபோர்னியாவில் அதைப் பரப்பிய வில்லியம் தாம்சன் என்ற விவசாயியின் பெயர் அது. கொடி ஒன்றுதான். ரஷ்யப் பெயரை அப்படியே எழுத்துப்பெயர்த்தால் ஆங்கில வாசகன் ஏதோ புது ரகம் என்று நினைப்பான். தாம்சன் என்று எழுதினால் அவனுக்குப் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்த கொடிக்கு அவன் பெயர் வந்துவிடுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் "சோவியத் ஒன்றியத்தின் திராட்சை ரகவியல்" என்ற பெரிய தொகுப்பை ஃப்ரோலோவ்-பக்ரேயேவ் தலைமையில் கொண்டுவந்தார்கள். முதல் தொகுதி 1946-இல். ஒவ்வொரு ரகத்துக்கும் இலை, குலை, பழம் பற்றிய விவரத்தோடு அதன் மாற்றுப்பெயர்களையும் தந்தார்கள். பெயரை நம்பாதே, இலையைப் பார் என்பதுதான் ரகவியலின் அடிப்படை.

ரகப்பெயரை விடுங்கள். தோட்ட வேலைக்கான ரஷ்யச் சொற்கள் இன்னும் சுவாரசியம். இலைக்கக்கத்தில் வரும் பக்கத்தளிருக்கு அவர்கள் வைத்த பெயர் "மாற்றான் பிள்ளை". மனைவி அல்லது கணவனின் முதல் தாரத்துப் பிள்ளையைக் குறிக்கும் அதே சொல். கொடியின் கனத்த கைக்கு "சட்டைக்கை". காய்க்க விடும் நீண்ட குச்சிக்கு "கனி அம்பு". நடுவதற்கு வெட்டிய குச்சிக்கு "சுபூக்". இது துருக்கிய மொழியிலிருந்து வந்தது, புகைக்குழாயின் தண்டுக்கும் அதே சொல். நுனி வெட்டுவதற்குள்ள சொல் நாணயம் அச்சடிப்பதற்கும் உள்ள சொல். வசந்தத்தில் வெட்டுவாயிலிருந்து நீர் வடிவதை ரஷ்யன் "கொடியின் அழுகை" என்கிறான், ஆங்கிலேயன் "ரத்தம் ஒழுகுதல்" என்கிறான். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் மாற்றான் பிள்ளைகளைக் கிள்ளி எறியச் சொல்லும் பயங்கரமான நூல் ஒன்று கிடைக்கும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். சொல்லே இல்லாத இடம்தான் உண்மையான சிரமம். ரஷ்யாவின் குளிர்ப்பகுதிகளிலும் மத்திய ஆசியாவிலும் இலையுதிர் காலம் முடியும்போது கொடியைக் கம்பியிலிருந்து இறக்கி, வளைத்துத் தரையில் கிடத்தி, மண் போட்டு மூடிவிடுவார்கள். வசந்தத்தில் தோண்டி எடுத்து மறுபடி கட்டுவார்கள். இந்த முறைக்கு ரஷ்ய மொழியில் ஒற்றைச் சொல்லில் பெயர் உண்டு. எப்படி வெட்டுவது, எத்தனை கை விடுவது என்பதெல்லாம் கொடி வளைய வேண்டும் என்பதிலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்துக்காரனோ கண்ணாடி வீட்டுக்குள் திராட்சை வளர்த்தவன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வாக்கியமே விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

கம்பத்துக்கு அந்தப் புத்தகம் வந்தால் இன்னும் வேடிக்கை. நம் பள்ளத்தாக்கில் கொடி உறங்குவதே இல்லை. இங்கே வருடத்தைத் தொடங்கி வைப்பது பருவம் அல்ல, கத்தரிதான். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதம் கோடைப் பட்டம். மே, ஜூனில் செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் மழைக்காலப் பட்டம். பன்னீருக்கு நாலு மொட்டு விட்டு வெட்ட வேண்டும், தாம்சனுக்கு இரண்டு மொட்டு என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றிக்கொள்வதால் வருடம் முழுக்கப் பழம் கிடைக்கிறது. "வசந்த கவாத்து" என்று ரஷ்ய நூலில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் எந்த மாதம் என்று இங்கே யாருக்கும் புரியாது.

கவாத்து என்ற சொல்லையே பாருங்கள். போலீஸ்காரர்கள் மைதானத்தில் அணிவகுத்துப் பயிற்சி செய்வதும் கவாத்துதான், தேயிலையையும் திராட்சையையும் வெட்டி ஒழுங்குபடுத்துவதும் கவாத்துதான். ரஷ்யனுக்கு நாணயச்சாலை என்றால் நமக்குப் போலீஸ் மைதானம். தமிழ் தெரியாத மொழிபெயர்ப்பாளன் கையில் இது அகப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பழத்தின் பெயரும் அப்படித்தான். குமுளி மலை ஏறிவிட்டால் திராட்சை "முந்திரி" ஆகிவிடும். மலையாளத்தில் இன்றும் அதுதான் சொல். ஈழத்திலும் முந்திரிகை என்றால் திராட்சை. நம்மிடமும் கொடிமுந்திரி என்று இருந்தது. பிறகு கொட்டை கொண்ட இன்னொரு முந்திரி வந்து பெயரைப் பிடுங்கிக்கொண்டது.

இனி பன்னீருக்கு வருவோம். "மஸ்கட்" என்பது கஸ்தூரி மணத்தைக் குறிக்கும் சொல்லின் வழியே வந்தது என்பார்கள். ரஷ்ய மொழியில் அதே சொல் ஜாதிக்காயையும் குறிக்கும், அங்கே கவனம் தேவை. இந்தியாவில் யாரும் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கவில்லை, பழத்தை வாயில் போட்டுப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தக்காணத்தில் "குலாபி", அதாவது ரோஜா மணமுள்ளது. தமிழில் பன்னீர். மணத்தையே மொழிபெயர்த்திருக்கிறார்கள். நான் பார்த்த எல்லா மொழிபெயர்ப்பிலும் இதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் இதே பெயர் ஒரு வரலாற்றுச் சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. பன்னீர் திராட்சையை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று புவிசார் குறியீட்டுச் செய்திகள் எல்லாவற்றிலும் வந்தது. மஸ்கட் ஹாம்பர்க்கின் பிறப்போ இங்கிலாந்தில். பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் செவர்ட் ஸ்னோ அதை உருவாக்கியது 1850-ஐ ஒட்டி. அதன் தாய் தந்தை எவை என்பதை 2003-இல் மன்னா கிரெஸ்பான் என்ற இத்தாலிய ஆய்வாளர் மரபணு வழியாக உறுதிசெய்தார். ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட், மற்றது ஆங்கிலேயர்கள் "பிளாக் ஹாம்பர்க்" என்று அழைத்த ரகம். 1768-இல் நட்டு இன்றும் காய்க்கும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைப் பெருங்கொடி இந்த இரண்டாவது ரகம்தான். ஆக, பெயரிலுள்ள ஹாம்பர்க் அந்தப் பெற்றோர் வழியாக வந்தது, ஜெர்மனியில் பிறந்ததால் அல்ல.

1850 வாக்கில் பிறந்த கொடியை 1832-இல் எப்படிக் கொண்டுவர முடியும்?

தோட்டக்கலை நூல்களில் உள்ள வாசகம் வேறு மாதிரி இருக்கிறது. 1832 வாக்கில் கிறிஸ்தவ மறைப்பணியாளர்கள் சேலம், மதுரைப் பகுதிகளுக்குத் திராட்சையைக் கொண்டுவந்ததாக நம்பப்படுகிறது, அவ்வளவுதான். ரகத்தின் பெயர் கிடையாது. இன்றைய தேனி அன்றைய மதுரை மாவட்டத்துக்குள் இருந்ததால் கதை இங்கே ஒட்டிக்கொண்டது. "திராட்சை" என்றிருந்தது எங்கோ ஒரு கட்டத்தில் "பன்னீர் திராட்சை" ஆகி, அதை ஆங்கிலத்தில் எழுதும்போது "மஸ்கட் ஹாம்பர்க்" ஆகிவிட்டது என்பது என் ஊகம். பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும், எனவே பாதிரியார் கொடி கொண்டுவந்தார் என்பதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. அவர் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருந்து, ஹாம்பர்க் பின்னால் வந்து அதன் பெயரை எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும், முந்திரிக்கு நடந்தது போலவே.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்குத் திரும்ப வந்தது 1838-இல். எனவே 1832-இல் வந்தவர் பிரெஞ்சுக்காரர்தான் என்றால், அவரைப் புதுச்சேரியை மையமாகக் கொண்டு வேலை செய்த பாரிஸ் வேதபோதக சபையில் தேட வேண்டும். அந்தச் சபையினர் எழுதிய கடிதங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. அவற்றில் திராட்சை பற்றி ஒரு வரி இருந்தாலும் போதும், எந்த மணமுள்ள பழம் என்று அவர் எழுதியிருக்கிறாரா பார்க்கலாம். பழைய மாதாகோவில் வளாகங்களில் வயதான கொடி எங்காவது மிஞ்சியிருந்தால் ஒரு இலை போதும், மரபணுச் சோதனைக்கு. திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியிலேயே இருக்கிறது, இலையைக் கொண்டுபோக அதிக தூரம் இல்லை.