நிபந்தனையோடு ஒரு விண்ணப்பம்: 1913 வாக்குரிமைப் பேரணியும் கறுப்பின மாணவியர் சங்கங்களும்

அமெரிக்கக் கறுப்பின மாணவியரின் கிரேக்க எழுத்துச் சங்கங்களைப் பற்றி ஆய்வுலகில் ஒரு பாகுபாடு வேரூன்றியுள்ளது. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, கௌரவம் நாடிய மேட்டுக்குடிச் சங்கம்; அதிலிருந்து விலகிய 22 மாணவியர் 1913 ஜனவரி 13இல் தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டா, அரசியல் சங்கம். அவ்வாண்டு மார்ச் 3இல் வாஷிங்டனில் நடந்த பெண் வாக்குரிமைப் பேரணியில் டெல்டாவினர் பங்கேற்றதே இதற்குத் தலைமைச் சான்று. பேரணிக்கு இரு வாரம் முந்தைய ஒரு கடிதத்தின் முன் இப்பாகுபாடு நிலைக்காது என்பது என் வாதம்.

பிப்ரவரி 17 தேதியிட்ட அக்கடிதம் பேரணி அமைப்பாளர் ஆலிஸ் பாலுக்கு எழுதப்பட்டது. எழுதியவர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் தலைவர் நெல்லி குவாண்டர். பிளவை எதிர்த்தவர் அவர். ஜனவரி 29இல் பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்ய முன்னின்றவரும் அவரே. கடிதம் மூன்று செய்திகளைச் சொல்கிறது: ஹோவர்ட் பெண்கள் பலர் பேரணியில் சேர விரும்புகிறார்கள், இனத்தின் பேரால் வேறுபடுத்தப்படுவதானால் வரமாட்டார்கள், கல்லூரிப் பெண்கள் பிரிவில் நல்ல இடம் ஒதுக்க இயலுமா?

கடைசி வேண்டுகோளை மட்டும் தனியே எடுத்தால் அந்தஸ்து ஆசையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு முன் நிபந்தனை நிற்கிறது. தென்மாநில வெள்ளைப் பெண்களின் அதிருப்திக்கு அஞ்சி, கறுப்பினப் பெண்களைத் தனியே நடக்கவைக்க அமைப்பாளர்கள் முயன்ற நேரம் அது. புகழ்பெற்ற கறுப்பின இதழாளர் ஐடா வெல்ஸையே இல்லினாய் அணியிலிருந்து விலகி நடக்கச் சொன்னார்கள். அவர் மறுத்து அந்த அணியிலேயே சேர்ந்தார். மாநிலம், தொழில், கல்வி என வகுத்த அணிவகுப்பில் கல்லூரிப் பிரிவைக் கேட்பது, நிறத்தால் வகுக்கப்பட மறுப்பதாகும்.

ஒரே கடிதத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றலாகாது. யார் நடந்தார்கள் என்பதை அது சொல்லாது. கறுப்பின உரிமை இதழான ‘தி கிரைசிஸ்’ஸின் ஏப்ரல் குறிப்பும் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்த 25 ஹோவர்ட் மாணவியரைக் குறிப்பிடுகிறதே தவிர, எந்தச் சங்கத்தையும் பெயர் சொல்லவில்லை. டெல்டாவினர் நடந்ததை நான் மறுக்கவில்லை. அரசியல் அவர்களுக்கு மட்டுமே உரியது என்பதையே மறுக்கிறேன்.

குவாண்டர் தனிப்பட்ட முறையில் எழுதியிருக்கலாம் என்பது வலுவான மறுப்பன்று. கௌரவச் சங்கம் எனப்படுவதன் தலைவர் இத்தகைய நிபந்தனை விதித்தார் என்பதே போதும். இச்சங்கங்களில் நிலவிய தோல்நிறப் பாகுபாடும் வர்க்க விலக்கமும் கடும் விமர்சனத்துக்கு உரியவை. எனினும் அவற்றைக் கொண்டு அரசியலின்மையை நிறுவ முடியாது. பிற்காலச் சேவையும் இதையே காட்டுகிறது: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவினர் 1935 முதல் மிசிசிப்பியில் நடத்திய மருத்துவப் பணியில், பண்ணை முதலாளிகள் தொழிலாளரை வெளியே விட மறுத்தபோது மருத்துவக் குழு கார்களில் பண்ணைகளுக்கே சென்றது.

கௌரவம், உரிமை என இரண்டாகப் பிரித்து இச்சங்கங்களை எடைபோடும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். கல்லூரிப் படிப்பே உரிமைப் போராட்டமாக இருந்த பெண்களுக்குப் பட்ட அங்கி ஓர் அரசியல் கோரிக்கை.