கரும்பொருளும் சாதாரணத் துகள்களும்: ஊடாட்டக் கோட்பாடுகள்

அண்டத்தில் கரும்பொருள் சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகம் என்று பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகள் காட்டுகின்றன. அதன் ஈர்ப்பு விண்மீன் மண்டலங்களின் சுழற்சியில் தெரிகிறது. ஈர்ப்பைத் தவிர வேறு விசை வழியாக அது அணுக்கருவையோ எலெக்ட்ரானையோ தொடுவதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே, இரு தரப்புக்கும் இடையே தூது போகும் துகள் எது என்பதே பெரும்பாலான கோட்பாடுகளின் கேள்வி.

நீண்ட காலம் முன்னணியில் நின்ற விடை மெல்விசை. ‘விம்ப்’ எனப்படும் கனத்த துகள்கள் தொடக்ககால அண்டத்தின் வெப்பத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. அண்டம் விரிய விரிய அவை சந்திப்பதே அரிதாகி, எஞ்சியவை நிலைத்துவிட்டன. மெல்விசையின் வலிமையை இட்டுக் கணக்குப் போட்டால், மிச்சம் இன்று காணும் அளவை நெருங்குகிறது. இதற்கு ‘விம்ப் அதிசயம்’ என்றே பெயர் வைத்தார்கள். தற்செயலான பொருத்தமாகவும் இருக்கலாம்.

இத்துகள்கள் அணுக்கருவில் மோதி அதைப் பின்னுக்குத் தள்ளும், அந்த அதிர்வை அளக்கலாம் என்று 1985இல் குட்மனும் விட்டனும் காட்டினர். மோதலில் கைமாறும் உந்தம் சிறியது என்பதால் கரு முழுவதும் ஒன்றாக எதிர்வினை காட்டும். மோதல் வாய்ப்பு நிறை எண்ணின் இருமடியோடு கூடும். 131 நிறை எண் கொண்ட செனானுக்கு அது ஒற்றைப் புரோட்டானுக்கு உள்ளதைப்போல் சுமார் 17,000 மடங்கு. கருவிகளில் செனான் நிரப்பப்படுவதற்கு இது முக்கியக் காரணம். ஊடாட்டம் தற்சுழற்சியைச் சார்ந்ததென்றால் இந்த ஆதாயம் கிடைக்காது: கருவுக்குள் இணைசேர்ந்த சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

முதலில் அடிபட்டது மெல்விசையின் தூதுத் துகளான இசட் போசான். அது முழு வலிமையுடன் தூது போனால் நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்கான மோதல் பரப்பு 10⁻³⁹ சதுர சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் வைத்த ஜெர்மேனியம் கருவி 1987இலேயே இதைப் பரந்த நிறை எல்லையில் மறுத்தது. ஹிக்ஸ் போசான் இன்னும் மெலிந்த தூதன். அதே சுரங்கத்தில் இப்போது இயங்கும் எல்இசட் கருவி 2024இல் மோதல் பரப்பின் மேல்வரம்பை 2.2×10⁻⁴⁸ சதுர சென்டிமீட்டர் வரை இறக்கியது. மிக எளிய ஹிக்ஸ் மாதிரிகளில் இப்போது எஞ்சியிருப்பவை, ஹிக்ஸின் பாதி நிறையை ஒட்டிய குறுகிய இடைவெளியும் மிகக் கனத்த துகள்களும்தான்.

தூதரைப் பெயரிடாமலே கணக்கிடுவது செயலுறு கோட்பாடு. வேகம், தற்சுழற்சி, உந்தம் ஆகியவற்றால் அமையக்கூடிய ஊடாட்ட வடிவங்களை அது பட்டியலிடுகிறது. மெதுவான மோதல்களுக்கு இது போதும். எல்எச்சி மோதுவிப்பானின் ஆற்றலில் தூதுத் துகளே உருவாகிவிடக்கூடும் என்பதால், அங்கே அதை வெளிப்படையாகச் சேர்த்த எளிய மாதிரிகள் தேவைப்படுகின்றன.

புரோட்டானைவிட மிக இலேசான கரும்பொருளால் கனத்த கருவை அசைக்க முடியாது, எலெக்ட்ரானை அசைக்கலாம். ஒளித்துகளோடு சிறிதளவு கலக்கும் ‘கரும் ஒளியன்’, ஹோல்டம் 1986இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்தது; இத்தகைய மாதிரிகளில் அதுவே வழக்கமான தூதர். ஆக்சியானின் கதை வேறு. வலுவிசையின் ஒரு புதிரைத் தீர்க்கப் பிறந்த அந்தத் துகளைத் தேடச் சிக்கிவி 1983இல் வழி சொன்னார்: வலிய காந்தப்புலத்தில் அது ஒளித்துகளாக மாறும். இவ்வழியில் தேடும், சியாட்டிலிலுள்ள ஏடிஎம்எக்ஸ் கருவி மோதலைப் பார்ப்பதில்லை. வானொலியைத் திருகுவதுபோல் அதிர்வெண்ணை மாற்றி மாற்றிக் கேட்கிறது.

செனான் கருவிகளுக்கு இப்போது புதிய இடையூறு சூரியனிடமிருந்து வருகிறது. போரான்-8 நியூட்ரினோக்கள் செனான் கருவில் மோதுவதன் முதல் அறிகுறிகளை செனான்என்டி, பாண்டாஎக்ஸ்-4டி ஆகிய இரு கருவிகளின் குழுக்களும் 2024இல் அறிவித்தன. அந்தத் தள்ளல், புரோட்டானைப்போல் சுமார் ஆறு மடங்கு நிறையுள்ள விம்ப் தரும் தள்ளலை அப்படியே ஒத்திருக்கிறது.