இறுவட்டைக் கேட்ட பெட்டி

2005 ஆம் ஆண்டின் ஓர் இரவில் என் வீட்டுக் கணனித் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. விண்டோஸ் சரிவர இயங்குவதற்குத் தேவையான கோப்புகள் அடையாளம் தெரியாத பதிப்புகளால் மாற்றப்பட்டுள்ளன. மூலக் கோப்புகளை மீளவைக்க வேண்டும். எக்ஸ்பி இறுவட்டை உடனே இடவும் என்பது அதன் சாரம். அக்காலத்தில் வீட்டில் கணனி வைத்திருந்த வாசகர்கள் பலருக்கும் இந்தப் பெட்டி நினைவிருக்கும். பலரை அது பதறச் செய்தது. நான் பதறவில்லை. கோப்பை மாற்றியவன் நானே.

காரணம் எளியது. பத்திரிகைக்காரனுக்குச் சிங்களச் செய்திகளையும் உடனுக்குடன் படித்தாக வேண்டும். என் எக்ஸ்பி கணனி தமிழ் யுனிகோட்டை ஒழுங்காகக் காட்டியது, சிங்களத்தைக் காட்டவில்லை. எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் பணியை விண்டோஸில் யுனிஸ்கிரைப் என்ற கோப்பு செய்கிறது. அதன் புதிய பதிப்பொன்றை நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். பழையதை அகற்றிப் புதியதை வைத்தேன். சில விநாடிகளில் பழையது மீண்டும் அதே இடத்தில் இருந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் பழையது. பேய்க்கணனியோ என்று நினைத்தேன். நண்பர் சிரித்துவிட்டு, ஒளித்துவைக்கப்பட்டிருந்த வேறொரு கோப்புறையைத் திறந்து, முதலில் அங்கிருந்த பிரதியை மாற்றினார். அதன் பின்னரே மேற்சொன்ன பெட்டி வந்தது. "வேண்டாம் என்று அழுத்துங்கோ அண்ணை" என்றார். அழுத்தினேன். இந்த அடையாளம் தெரியாத பதிப்புகளை வைத்திருக்க நிச்சயமாக விரும்புகிறீர்களா என்று பெட்டி மறுபடி கேட்டது. ஆம் என்றேன். சிங்களம் தெரிந்தது.

அந்த ஒளிந்திருந்த கோப்புறைக்கு ஒரு வரலாறு உண்டு. விண்டோஸில் பல மென்பொருள்கள் ஒரே கோப்பைப் பொதுவில் பயன்படுத்துவது வழமை. டி.எல்.எல். எனப்படும் அக்கோப்புகள் கூட்டுக்குடும்பத்தின் பொதுக்கிணறு போன்றவை. நினைவகமும் வன்தட்டும் சிறியனவாக இருந்த காலத்தில் அது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு மென்பொருளும் தான் கொண்டுவந்த பிரதியைப் பொதுக்கோப்பின் மீது எழுதிவிடும். அந்தப் பிரதி இருப்பதைவிடப் பழையதாகவும் இருக்கலாம். கணக்கு மென்பொருளொன்றை நிறுவினால் அச்சிடும் மென்பொருள் இயங்காது போகும். கணனியாளர்கள் இதற்கு டி.எல்.எல். நரகம் என்றே பெயர் வைத்தார்கள்.

1995 ஓகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 இதனைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. மைக்ரோசொப்டின் மூத்த பொறியியலாளர் ரேமண்ட் சென் பிற்காலத்தில் இதனை எழுதியிருக்கிறார். பொதுக்கோப்புகளை மாற்றவிடாது தடுத்தால் என்ன என்று நாம் கேட்போம். தடுத்தால் நிறுவல் நிரல் பிழைச்செய்தி காட்டித் தடுமாறும். அல்லது கணனி மீள இயங்கும்போது வேறு வழியால் மாற்ற முயலும். ஆகவே விண்டோஸ் 95 எதையும் தடுக்கவில்லை. நிறுவல் முடியும்வரை பொறுத்திருந்தது. அடிக்கடி மாற்றப்படும் கோப்புகளின் பிரதிகளை அது சிஸ்பேக்கப் என்ற மறைவான கோப்புறையில் வைத்திருந்தது. வந்த விருந்தினர் போன பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும். புதிய பதிப்பு வைக்கப்பட்டிருந்தால் அதனையே தன் பிரதியாக ஏற்கும். பழையது வைக்கப்பட்டிருந்தால் சத்தமின்றித் தன்னிடமிருந்ததைத் திருப்பி வைக்கும். விருந்தினரை முகத்துக்கு நேரே கடியாமல், அவர் இடம்மாற்றிய பாத்திரங்களைப் பின்னர் அடுக்கிவைக்கும் வீட்டுக்காரியின் பண்பு அது.

1998 இல் விண்டோஸ் 98 கோப்புகளைச் சரிபார்க்கும் தனிக்கருவியைத் தந்தது. 2000 பெப்ரவரியில் அலுவலகங்களுக்கென வந்த விண்டோஸ் 2000 இல்தான் கண்டிப்பான காவல் தொடங்கியது. வீட்டுக்கென வந்த விண்டோஸ் மில்லெனியத்திலும் அதனையொத்த ஏற்பாடு இருந்தது. ஆயினும் இக்காவல் வீடுகளுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது 2001 ஒக்டோபரில் வெளியான எக்ஸ்பியுடன்தான்.

இக்காவலன் பதிப்பு எண்ணை மட்டும் பார்ப்பவனல்லன். பாதுகாக்கப்பட்ட கோப்பொன்று மாறியதும் தகவல் பெறுவான். மைக்ரோசொப்ட் கையொப்பமிட்ட பட்டியலுடன் அக்கோப்பை ஒப்பிடுவான். பொருந்தாவிட்டால் டிஎல்எல்கேச் என்னும் மறைவான கோப்புறையிலிருந்து மூலப்பிரதியை எடுத்து வைப்பான். என் வீட்டுப் பேய் அதுதான். அங்கும் சரியான பிரதி இல்லாவிட்டால் மட்டுமே இறுவட்டைக் கேட்பான். ஆக, பெட்டி திரைக்கு வருகிறதென்றால் காவலன் தன்னால் இயன்றதைச் செய்து தோற்றுவிட்டான் என்று பொருள். இதை எனக்கு அன்று எவரும் சொல்லவில்லை.

அவன் அறியாததும் ஒன்றுண்டு. கோப்பு மாறியது என்று அறிவான். மாற்றியவர் யார், எதற்காக மாற்றினார் என்று அறியான். விண்டோஸின் தோற்றத்தை அழகுபடுத்த விரும்பிய இளைஞர்கள் அதற்குரிய கோப்பை மாற்றினார்கள். 2004 இல் வந்த இரண்டாவது சேவைத்தொகுப்பு, முற்றுப்பெறாத இணைப்பு முயற்சிகளை ஒரே நேரத்தில் பத்து என மட்டுப்படுத்தியபோது, கோப்புப் பகிர்வில் ஈடுபட்டவர்கள் வலையமைப்புக் கோப்பை மாற்றினார்கள். இவர்களுக்கெல்லாம் வந்ததும் அதே பெட்டி. கிடைத்த ஆலோசனையும் அதே 'வேண்டாம்'. கெடுநோக்குடையோரோ காவலனையே உறங்க வைத்தார்கள். 2001 ஓகஸ்டில் பரவிய கோட் ரெட் 2 என்ற புழு, விண்டோஸ் 2000 வழங்கிகளில் புகுந்ததும் இக்கோப்புப் பாதுகாப்பை முடக்கும் ஏற்பாட்டையும் உடன் கொண்டு வந்தது. அங்கே பெட்டிக்கு வேலையேயில்லை.

இனி இறுவட்டின் கதை. எங்கள் ஊரில் பெரும்பாலான வீட்டுக் கணனிகள் கடைகளில் பொருத்தி வாங்கப்பட்டவை. இறுவட்டு கடைக்காரரிடமே இருந்தது. சிலரிடம் மையினால் பெயர் எழுதப்பட்ட பிரதி ஒன்று இருந்தது. இருந்தவர்களுக்கும் ஒரு சிக்கல். 2001 இன் இறுவட்டை வைத்திருப்பவர் இணையம் வழியாக இரண்டாவது சேவைத்தொகுப்புக்கு மாறியிருந்தால், கணனியில் உள்ள பட்டியல் ஒன்று, இறுவட்டில் உள்ள கோப்பு வேறொன்று. சரியான இறுவட்டை இட்டும் தவறானது என்றே பதில் வரும். சேவைத்தொகுப்பை இணைத்துப் புதிய இறுவட்டு எரிக்கத் தெரிந்தவர்கள் தப்பினார்கள். மற்றையோர் பெட்டியை மூடிப் பழகினார்கள்.

நானும் பழகினேன். 2007 இல் அதே பெட்டி மீண்டும் வந்தது. என் பழைய திருத்தத்தைப் பற்றித்தான் இன்னும் முறையிடுகிறான் என்று எண்ணி, படிக்காமலே 'வேண்டாம்', பின்னர் 'ஆம்' என்று அழுத்தினேன். மறுநாளும் வந்தது. அதற்கு முந்திய வாரம் அலுவலகத்திலிருந்து பென்ட்ரைவ் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருந்தேன் என்பதை இரண்டையும் சேர்த்து நான் எண்ணிப்பார்க்கவில்லை. இயங்குகோப்புகளில் ஒட்டிக்கொள்ளும் நச்சுநிரல் அது. பத்து நாட்களின் பின் கணனி எழும்பவில்லை. திருத்துநர் வந்து, கேட்காமலே வன்தட்டை முழுவதும் அழித்து எக்ஸ்பியை மீள நிறுவித் தந்தார். வன்தட்டில் பகுதி ஒன்றே ஒன்றுதான். என் கட்டுரைகள் பெரும்பாலும் பத்திரிகையில் அச்சேறியவை; அவற்றை நூலகத்தில் தேடலாம். அச்சேறாதவை ஏழு நேர்காணல்கள். ஈய எழுத்துக் கோர்த்த காலத்து அச்சுக்கோப்பாளர்கள் எழுவரைத் தேடிச்சென்று எடுத்தவை. ஒலிநாடாக்களின் மேல் வேறு கூட்டங்களைப் பதிந்துவிட்டேன். அவர்களுள் மூவர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

திருத்துநரை நான் குறைகூறவில்லை. அக்காலத்தில் அவர்கள் அறிந்த மருந்து அதுவே. முதலில் வன்தட்டைக் கழற்றி வேறு கணனியில் பொருத்திக் கோப்புகளைப் பிரதியெடுக்கும்படி நான் சொல்லியிருக்க வேண்டும். எக்ஸ்பி ஏறாவிட்டாலும் கோப்புகள் அழிவதில்லை என்பதை அன்று நான் அறியேன்.

2007 இன் தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த விஸ்டாவுடன் இந்தப் பெட்டியின் காலம் முடியத் தொடங்கியது. மாற்றவிட்டுப் பின் மீளவைக்கும் முறை கைவிடப்பட்டது. முதன்மைக் கோப்புகளைத் தொடும் உரிமை, நம்பகமான நிறுவி எனப் பொருள்படும் டிரஸ்டட் இன்ஸ்டோலர் என்ற உள்ளகக் கணக்குக்கு மட்டும் உரியதாயிற்று. கணனியின் சொந்தக்காரருக்கும் வழமையில் அனுமதி மறுப்புத்தான். அந்த விஸ்டாவிலேயே சிங்களமும் உள்ளடங்கி வந்ததால் யுனிஸ்கிரைப்பை மாற்றும் தேவை எனக்கும் இல்லாது போனது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடன் நிறுத்தப்பட்டது.

சரிபார்க்கும் பழைய கருவி இன்றைய விண்டோஸ் 11 இலும் இருக்கிறது. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'எஸ்.எப்.சி. ஸ்கேன்நவ்' கட்டளையைக் கொடுத்தால் போதும். விண்டோஸ் 8 முதல் 'டிசம்' என்ற கருவி, மூலப்பிரதிகளின் களஞ்சியம் கெட்டிருந்தாலும் அதனை இணையம் வழியாகச் சீர்செய்யும். அதனை முதலிலும் மற்றதைப் பின்னரும் இயக்குவதே முறை. இறுவட்டை எவரும் கேட்பதில்லை. இப்போதைய என் மடிக்கணனியில் அதனை இடுவதற்கு இடமுமில்லை.

நேர்காணல் தந்த எழுவரில் ஒருவர், கொழும்பில் மகளுடன் வசித்தவர், 2009 இல் மீண்டும் என்னுடன் பேச இணங்கினார். முதல்முறை மூன்று மணிநேரம் பேசிய மனிதர். இம்முறை நாற்பது நிமிடங்களில் களைத்துவிட்டார். அதனை இரண்டு இறுவட்டுகளில் எரித்து, ஒன்றை அவரது மகளிடம் கொடுத்து வைத்தேன்.