லிஸ்பனில் ஒரு பகற்பொழுது

காலையில் கப்பலை விட்டிறங்கினேன். மாலையில் விமானம் ஏறவேண்டும். இடையே லிஸ்பன் நகரைக் காண எனக்குக் கிடைத்தது ஒரு பகற்பொழுதே. நேரே ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குச் சென்றேன். கீழ்த்திசை வாணிபத்தின் வரிப்பணத்தால் பெரிதும் எழுந்த அக்கோயிலில் வாஸ்கோடகாமா துயில்கின்றார். 1524-இல் கொச்சியில் மாண்ட அவரது எலும்புகள் 1539-இல் தாயகம் சேர்ந்தன.

கல்லறையில் ஒரு கப்பல் செதுக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் வேறொரு கப்பல் என் நினைவில் எழுந்தது. 1502-இல் மக்காவிலிருந்து யாத்திரிகருடன் கள்ளிக்கோட்டைக்குத் திரும்பிய 'மீரி' என்னும் கலத்தை, பெண்டிரும் பிள்ளைகளும் உள்ளிருக்கத் தீக்கிரையாக்கியவர் இவரே.

மாணவ நண்பர்களே, 'கடல்வழி கண்டவர், 1498' என்று முப்பதாண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். எரிந்த கப்பலைப்பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அக்கல்லறை சொல்லாது விட்டதையே நானும் விட்டிருந்தேன். ஆண்டுகளை மனனம் செய்யுங்கள். அவ்வாண்டுகளில் அழுதவர் யார் என்றும் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.