வேர் அகற்றிய கைகள்

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையடியில் அமைந்த ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவில் காலைநடை செல்வோர் காணும் இயற்கை, மனித உழைப்பால் மீட்கப்பட்டதாகும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தை ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் 'ராஜ தாவரம்' என அறிவித்தது. வறண்ட நிலத்தில் விறகு தந்த அம்மரம், காலப்போக்கில் கோட்டையைச் சூழ்ந்த எரிமலைப் பாறைகளெங்கும் பரவி, மண்ணுக்குரிய செடிகளை ஒடுக்கியது. வெட்டினாலும் அது மீண்டும் துளிர்க்கும். ஆதலால், 2006இல் மீட்புப்பணி தொடங்கியபின், பாறையைத் தட்டி ஓசையால் அதன் இயல்பறியும் கண்ட்வாலியா எனப்படும் கல்தொழிலாளர் உளிகொண்டு குடைந்து வேரை அகற்றினர். அக்குழிகளிலேயே பாலைச்செடிகள் நடப்பட்டன. பூங்காவின் பெயர் 1459இல் கோட்டையை நிறுவிய மன்னரை நினைவூட்டுகிறது. பாறை குடைந்தோரை நினைவில் நிறுத்துவது வரலாற்றெழுத்தின் கடன்.